கம்பி கட்டிய கை சூப்பர்வைசர் வேலைக்குப் போதுமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 33. பத்தாம் வகுப்பு வரை படித்தேன். பதினான்கு வருடமாகக் கம்பி கட்டும் வேலை. கடைசி நாலு வருடமாக எட்டுப் பேருக்கு நான்தான் மேஸ்திரி. இப்போது வேலை செய்யும் கம்பெனியில் சைட் சூப்பர்வைசராக வரச் சொல்கிறார்கள். மாதச் சம்பளம்தான், ஆனால் வேலை மும்முரமாக இருக்கும் மாதங்களில் கம்பி வேலையிலேயே இதைவிடக் கூடுதலாகக் கையில் நிற்கும். வரைபடம் பாதிதான் புரியும். ரிப்போர்ட் எழுதிப் பழக்கமில்லை. நேற்றுவரை தோளில் கை போட்டுப் பேசியவர்களிடம் நாளை எப்படி வேலை வாங்குவது? டிப்ளமோ படித்தவர்களுக்கு நடுவில் எனக்கு மேலே போக வழி இருக்கிறதா? இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். என் பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பி,

ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் சரி என்று சொல்லும் முன் கம்பெனியில் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு உங்களுக்கு நேர் எதிர் வாசல் வழியாக வந்தவன். கையில் டிப்ளமோ இருந்தது, கம்பியைத் தொட்டுப் பார்த்தது கிடையாது. சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் வருடம், மூன்றாவது மாடியில் ஒரு பால்கனித் தளம் போட்டோம். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் தளம். அதில் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேல் கம்பியைத் தாங்கும் சேர் போதுமான அளவு வைக்கவில்லை. கான்கிரீட் போடுகிறவர்கள் அதன் மேலேயே நடந்தார்கள். கம்பி மேஸ்திரி என்னிடம் ஓடி வந்து, "சார், மேல் கம்பி உக்காந்துடுச்சு, அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க, தூக்கிக் கட்டிடறேன்" என்றார். கீழே அடுத்த கான்கிரீட் வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. "பரவாயில்லை, ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டேன்.

முட்டுகளைப் பிரித்ததும் சுவரை ஒட்டி, தளத்தின் மேல்புறத்தில், நீளவாட்டில் ஒரு விரிசல் ஓடியது. மறுபடி முட்டுக் கொடுத்து முழுப் பால்கனியையும் உடைத்தோம். உடைக்கும்போது டேப்பை வைத்துப் பார்த்தேன். மேலிருந்து 25 மில்லிமீட்டரில் இருக்க வேண்டிய கம்பி 75 மில்லிமீட்டரில் கிடந்தது. தளத்தின் கனமே 150 தான். அதாவது கம்பி நட்டநடுவில். அந்த இடத்தில் கிடக்கும் கம்பியால் தளம் தாங்க வேண்டிய பாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதத்தை இழந்துவிடும். அதன் மேல் நாலு பேர் போய் நின்ற பிறகு இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

அன்று சைட்டில் வரைபடம் படிக்கத் தெரிந்தவன் நான். தப்பைக் கண்ணால் பார்த்தவர் அவர். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் என்னிடம் இருந்தது, நிறுத்த வேண்டும் என்ற அறிவு அவரிடம் இருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்திருந்தால் அந்தப் பால்கனி உடைபட்டிருக்காது. உங்களைக் கூப்பிடுகிற கம்பெனி இதைப் புரிந்துகொண்டுதான் கூப்பிடுகிறது என்று நினைக்கிறேன்.

சூப்பர்வைசர் என்றால் வெயிலில் நின்று ஆட்களை விரட்டுகிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டட வேலையில் பெரும்பாலானவை ஒன்றை ஒன்று மூடிக்கொண்டே போகும். மண் அஸ்திவாரத்தை மூடும், கான்கிரீட் கம்பியை மூடும், பூச்சு செங்கலையும் பைப்பையும் மூடும். மூடிய பிறகு அதை யாரும் பார்க்க முடியாது. மூடுவதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரத்தில், பார்க்க வேண்டியதைப் பார்த்து, சரியில்லை என்றால் நிறுத்துகிறவர்தான் சூப்பர்வைசர். மற்ற எல்லா வேலையும் இதற்குப் பிறகுதான். பதினான்கு வருடமாக நீங்கள் செய்த வேலை முழுவதும் கான்கிரீட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது. மூடிப்போவது என்றால் என்ன என்று உங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம்.

வரைபடத்துக்கு வருகிறேன். பாதி புரியும் என்கிறீர்கள், அந்தப் பாதி பெரிய பாதி. முதல் பக்கத்திலிருந்து புதிதாகப் படிக்க உட்காராதீர்கள். ஏற்கெனவே நீங்களே கட்டி முடித்த ஒரு பீமின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை கம்பி, ஒரு கம்பியோடு அடுத்த கம்பியைச் சேர்த்துக் கட்டும் லேப் எங்கே, பில்லர் பக்கத்தில் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் நெருக்கமாகவும் நடுவில் அகலமாகவும் கட்டியது, எல்லாம் உங்கள் ஞாபகத்தில் இருக்கும். அது காகிதத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். தெரிந்த வேலையிலிருந்து தெரியாத கோட்டுக்குப் போங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து வரைபடம் பார்த்தால் கட்டமைப்பு வரைபடம் உங்களுக்கு வசப்பட்டுவிடும். அப்புறம் கட்டடக் கலைஞரின் வரைபடத்தை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அளவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத இடம் அடிக்கடி இருக்கும். ஜன்னல் ஒரு வரைபடத்தில் ஓரிடத்திலும் இன்னொன்றில் வேறிடத்திலும் நிற்கும். அதை வேலை தொடங்கும் முன் கண்டுபிடித்து இன்ஜினீயரிடம் கேட்கிற சூப்பர்வைசரை எந்தக் கம்பெனியும் சீக்கிரம் விடாது. ஒரு பழக்கம் மட்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும்: வரைபடத்தின் மூலையில் இருக்கும் திருத்த எண்ணையும் தேதியையும் பார்க்காமல் எதையும் தொடங்காதீர்கள். பழைய தாளை வைத்துக் கட்டி, பிறகு இடித்த சுவர்கள் நிறைய.

கம்பிக்கு வெளியே நீங்கள் கற்க வேண்டியதில் முதன்மையானது தண்ணீர். சிமெண்டுக்குத் தண்ணீர் எவ்வளவு என்ற விகிதம் ஏறினால் கான்கிரீட்டின் வலு இறங்கும் என்பதை டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே சோதனைகள் மூலம் காட்டிவிட்டார். நூறு வருடம் கழித்தும் சைட்டில் நாம் தினமும் தடுக்க வேண்டிய தப்பு அதேதான். கலவை கெட்டியாக இருக்கிறது, தள்ள முடியவில்லை என்று யாராவது ஒரு வாளியை எடுப்பார்கள். 50 கிலோ மூட்டைக்கு 0.45 விகிதம் என்றால் இருபத்திரண்டரை லிட்டர் தண்ணீர். கூடவே ஐந்து லிட்டர் ஊற்றினால் விகிதம் 0.55 ஆகிவிடும். பார்வைக்கு நன்றாக ஓடும், வைப்ரேட்டர் பிடிப்பவருக்கும் சுகமாக இருக்கும், வலு போய்விடும். மணல் ஈரமாக இருந்தால் அந்தத் தண்ணீரும் கணக்கில் சேரும். கலவை எவ்வளவு இளகலாக இருக்கிறது என்று காட்டும் ஸ்லம்ப் சோதனையைப் பார்க்கப் பழகுங்கள். 300 மில்லிமீட்டர் உயரக் கூம்பு, மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 குத்து, கூம்பைத் தூக்கியதும் கலவை எவ்வளவு இறங்கியது என்ற அளவு, அவ்வளவுதான். முதல் தடவை லேபில் வேலை செய்பவர் பக்கத்தில் நின்று பாருங்கள், இரண்டாவது தடவை நீங்களே செய்யுங்கள். மட்டம், தூக்குக்குண்டு, மூலை மட்டம் எல்லாம் கொத்தனார்களிடம் ஒரு வாரம் கூடவே நின்றால் வந்துவிடும்.

அடுத்தது ரிப்போர்ட். இதற்குப் பயப்படவே வேண்டாம். சைட் டைரிக்கு நல்ல நடை தேவையில்லை. நேரம், இடம், அளவு, ஆள் எண்ணிக்கை, யார் என்ன சொன்னார்கள், இவை இருந்தால் போதும். ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன்:

"காலை 7.30. வானம் தெளிவு. கம்பி 8 பேர், சென்ட்ரிங் 6, கொத்தனார் 3, உதவி 5. இரண்டாம் மாடித் தளம், மேல் கம்பி சோதித்தேன். கிழக்குப் பால்கனியில் சேர் 4 குறைவு, வைக்கச் சொன்னேன், 9.10-க்கு வைத்தார்கள். 10.00 இன்ஜினீயர் பார்த்துக் கையெழுத்து. 10.40 கான்கிரீட் தொடக்கம். இரண்டாவது வண்டி ஸ்லம்ப் அதிகம், திருப்பி அனுப்பினேன். வலு சோதிக்க க்யூப் 6 எடுத்தோம். 3.15 முடிந்தது. ஒருவருக்கு ஆணி குத்தியது, முதலுதவி, மருத்துவரிடம் அனுப்பினேன்."

இதை எழுதப் பத்து நிமிடம் ஆகும். ஆறு மாதம் கழித்து, "அன்றைக்கு எத்தனை பேர் வேலை செய்தார்கள், ஏன் தாமதம்" என்று பில் விஷயத்தில் சண்டை வரும்போது உங்கள் நோட்டை வைத்துத்தான் பேசுவார்கள். அன்றன்றைக்கே எழுதுங்கள். மறுநாள் ஞாபகத்திலிருந்து எழுதினால் அது டைரி ஆகாது. மூடுவதற்கு முன் நாலு பக்கத்திலிருந்தும் போனில் படம் எடுத்து வையுங்கள், அளவு தெரிய டேப்பை விரித்துப் போட்டு எடுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட கேள்வி. தோளில் கை போட்டவர்களிடம் எப்படி வேலை வாங்குவது?

முதல் ஆபத்து அவர்களிடம் இல்லை, உங்கள் கையிலேயே இருக்கிறது. முதல் வாரம் ஒரு பையன் கட்டுவதைப் பார்ப்பீர்கள். மெதுவாகக் கட்டுவான், கட்டு லூசாக இருக்கும். உங்கள் கை தன்னால் நீளும். "கொண்டா" என்று கொக்கியை வாங்கி, உட்கார்ந்து, நாற்பது கட்டு கட்டிவிடுவீர்கள். மனதுக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்த அரை மணி நேரம் தலை குனிந்திருந்தீர்கள், மேல் மாடியில் சாரத்தின் ஒரு பலகை நழுவியதை யாரும் பார்க்கவில்லை. தொழிலாளியாக இருந்து சூப்பர்வைசரான பலர் சறுக்கியது இங்கேதான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். ஒருமுறை செய்து காட்டுங்கள், கொக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து நில்லுங்கள்.

இரண்டாவது, திருத்துகிற நேரம். சாயங்காலம் வந்து இருநூறு ரிங்கையும் பார்த்து "எல்லாம் தப்பு" என்றால் யாருக்கும் கோபம் வரும், வர வேண்டியதுதான். காலையில் முதல் பத்து ரிங் முடிந்ததும் போய்ப் பாருங்கள். கொக்கி 135 டிகிரி வளைந்திருக்கிறதா, இடைவெளி சரியா, கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் நிற்கிறதா. பத்தில் சொன்னால் அது உதவி, இருநூறில் சொன்னால் தண்டனை. ஆளைத் தனியாகக் கூப்பிட்டுக் குறையைச் சொல்லுங்கள். நன்றாகச் செய்ததை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

மூன்றாவது, வருகைப் பதிவு. அரை நாள் வெட்டப்பட்ட வலி உங்களுக்குத் தெரியும். பதிவை ஆள் முன்னாலேயே எழுதுங்கள். ஓவர்டைம் இருந்தால் அன்றைக்கே குறியுங்கள். கூலி தாமதமானால் ஆபீஸில் அவர்களுக்காகப் போய் நில்லுங்கள். பழைய நண்பர்கள் உங்கள் பேச்சைக் கேட்பார்களா என்பது குரலின் உயரத்தைப் பொறுத்தது கிடையாது. சனிக்கிழமை கணக்கு நேராக இருந்தால் திங்கட்கிழமை சொல்வதைக் கேட்பார்கள். ஒன்றிரண்டு பேர் அப்படியும் முறுக்கிக்கொள்வார்கள். அவர்களோடு நட்பு கொஞ்சம் தள்ளிப் போகும். இது வருத்தம்தான், எனக்கும் நடந்திருக்கிறது.

பாதுகாப்பில் மட்டும் யாரிடமும் பேரம் வேண்டாம். தம்பியாக இருந்தாலும் சரி, மாமாவாக இருந்தாலும் சரி, உயரத்தில் பெல்ட் மாட்டவில்லை என்றால் கீழே இறக்குங்கள். கட்டட வேலையில் உயிர் போவதற்கு உயரத்திலிருந்து விழுவதுதான் முன்னணிக் காரணமாக இருக்கிறது. பள்ளம் தோண்டும்போது கரையில் மண்ணைக் குவிக்க விடாதீர்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். மார்பளவு சரிந்தாலே ஆளால் மூச்சு விட முடியாமல் போகும்.

அதிகாரம் வந்ததும் இரண்டு விதமான நெருக்கடி உங்களைத் தேடி வரும். ஒன்று, "சீக்கிரம்". சென்ட்ரிங்கை இரண்டு நாள் முன்னால் பிரித்தால் அடுத்த மாடிக்குப் பலகை கிடைக்கும் என்பார்கள். 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவில் வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில் மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாரம் முழுவதும் கோபுரத்தின் கான்கிரீட்டிலேயே பிணைக்கப்பட்டிருந்தது. முந்தைய நாள் போட்ட கான்கிரீட் போதிய வலுவை அடையும் முன் அதன் மேல் பாரம் ஏறியது. மேல் வளையம் உரிந்துகொண்டு விழ, 51 தொழிலாளர்கள் இறந்தார்கள். கான்கிரீட் எத்தனை நாளில் எவ்வளவு வலு அடையும் என்பது குளிரையும் சிமெண்டையும் பொறுத்தது. சாதாரணமாக ஏழாம் நாளில் 28 நாள் வலுவில் மூன்றில் இரண்டு பங்கு வரும். பிரிப்பதற்கு முன் இன்ஜினீயரின் எழுத்து வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இன்னொன்று, "சின்ன மாற்றம்தானே". 1981-இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜன்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேல் நடைபாதையையும் கீழ் நடைபாதையையும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடத்தான் முதலில் திட்டம். செய்ய எளிதாக இருக்கட்டும் என்று அதை இரண்டு கம்பியாக மாற்றினார்கள். கீழ் நடைபாதையின் பாரமும் மேல் நடைபாதையின் இணைப்பில் தொங்கியது. அந்த இணைப்புக்கு இரட்டிப்புப் பாரம். யாரும் மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. உங்கள் சைட்டில் இது வேறு வடிவில் வரும்: "12 எம்.எம். தீர்ந்துபோச்சு, 10-ஐ வச்சு முடிங்க." 12-இன் குறுக்குப் பரப்பு 113 சதுர மில்லிமீட்டர், 10-இன் பரப்பு 78.5. அதே இடைவெளியில் வைத்தால் முப்பது சதவீதம் இரும்பு காணாமல் போகும். மாற்றலாம், ஆனால் இடைவெளியைக் கணக்குப் போட்டு இன்ஜினீயர் எழுதித் தந்த பிறகு.

பொருள் கணக்கிலும் சோதனை வரும். லாரிக்காரர் சிநேகமாகத் தோளைத் தட்டுவார். வண்டி வந்ததும் எடைச் சீட்டை மட்டும் நம்பாமல் நீங்களே எண்ணுங்கள். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 16 எம்.எம். என்றால் 1.58. பன்னிரண்டு மீட்டர் கம்பி ஒன்று 19 கிலோ, நூறு கம்பி 1,900 கிலோவுக்குச் சற்றே குறைவு. சீட்டில் 2,100 இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருமுறை வளைந்து கொடுத்தீர்கள் என்றால் அந்தச் செய்தி அடுத்த வண்டி வருவதற்குள் சைட் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ரிங் இடைவெளி பற்றிப் பேச உங்களுக்கு வாய் இருக்காது.

சரி, மேலே போக வழி. உள்ளதைச் சொல்கிறேன். இன்ஜினீயர் என்ற பெயருக்கும் கையெழுத்துக்கும் படிப்பு வேண்டும், அனுபவம் அதற்கு ஈடாகாது. மற்ற கதவுகள் திறந்தே இருக்கின்றன. சூப்பர்வைசர், சீனியர் சூப்பர்வைசர், பிறகு முழு சைட்டையும் நடத்தும் பொறுப்பாளர் என்பது ஒரு வழி. தரக் கட்டுப்பாடு இன்னொரு வழி, உங்கள் கண்ணுக்கு அது பொருந்தும். பாதுகாப்பு அதிகாரி ஆக நெபோஷ் போன்ற சான்றிதழ்களைப் பல நாடுகளில் மதிக்கிறார்கள். அளவெடுத்துப் பில் போடும் வேலையும் உண்டு, அதற்கு எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும். ஐந்தாறு வருடம் எல்லா வேலையையும் பார்த்த பிறகு சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுப்பவர்களும் உண்டு. முடிந்தால் பகுதிநேர டிப்ளமோவில் சேருங்கள். 33 வயது அதற்கு அதிகமில்லை. மாலையில் வகுப்பில் சொல்வதைக் காலையிலேயே கண்ணால் பார்த்துவிடுகிறவருக்கு அந்தப் படிப்பு மற்றவர்களைவிடச் சீக்கிரம் ஏறும்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் போட்ட கணக்கு சரிதான். முதல் வருடம் கை கொஞ்சம் இறுகும். ஆனால் மேஸ்திரிக்கு நல்ல மாதமும் உண்டு, வேலையில்லாத மாதமும் உண்டு. பன்னிரண்டு மாதத்தையும் கூட்டிப் பாருங்கள். உங்கள் முதுகையும் முழங்காலையும் அந்தக் கணக்கில் சேருங்கள். ஐம்பது வயதில் நாள் முழுக்கக் குனிந்து கம்பி கட்டுபவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். இன்னொரு பக்கம், சூப்பர்வைசருக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. கான்கிரீட் ராத்திரி பதினொரு மணிக்கு முடிந்தால் நீங்களும் பதினொரு மணிக்குத்தான். ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்தது வேறு ஊரிலும் இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

கேட்க வேண்டிய இரண்டு விஷயங்களைச் சொல்வதாகச் சொன்னேன். ஒன்று: "சரியில்லாத வேலையை நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டா, அதைக் கடிதத்தில் எழுதித் தருவீர்களா?" பொறுப்பு மட்டும் உங்கள் தலையில், அதிகாரம் வேறொருவரிடம் என்றால் அந்த வேலை வேண்டாம். தப்பு நடந்த அன்று முதலில் தேடப்படுகிறவர் நீங்களாக இருப்பீர்கள். இரண்டு: "இந்தக் கட்டடம் முடிந்த மறுநாள் எனக்கு என்ன?" அடுத்த சைட் உண்டா, இல்லையென்றால் எத்தனை மாத அறிவிப்பு?

முதல் கேள்விக்கு அவர்கள் யோசிக்காமல் சரி என்றால் அன்றைக்கே ஒரு கெட்டி அட்டை நோட்டும் ஐந்து மீட்டர் டேப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். இழுத்தடித்தால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், அவர்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். இரண்டு வாரத்துக்குள் பதில் போட்டுவிடுகிறேன்.